வாசல் திறந்தால் போதுமா?

தனியார் பள்ளிக்கூடம் என்றால் நம் மனக்கண் முன் முதலில் வந்து நிற்பது அதன் வாசல்தான். உயர்ந்த இரும்புக் கதவு, சீருடை அணிந்த காவற்காரர், கோடை வெயிலில் விண்ணப்பத் தாளைக் கையில் பிடித்தபடி காத்து நிற்கும் தாய் தந்தையர். இந்தக் காட்சியை நாம் ஊர் ஊராகக் காண்கிறோம். அந்த வாசலுக்குள் பிள்ளை நுழைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது.

ஆனால், வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது? உள்ளே சென்ற பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறது? யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறது? விளையாட்டில் அதை யார் தம் கட்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள்? பல ஜாதியாரும், பல மதத்தாரும், பணக்காரரும் ஏழையும் பயிலும் ஒரு பள்ளி உண்மையிலேயே பொதுவான பள்ளியா என்பதை இந்தக் கேள்விகள்தாம் தீர்மானிக்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் அதற்கு விடை கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கேள்வி அன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தாமிரவருணிக் கரையில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் சாப்பாட்டுப் பந்தி பற்றி எழுந்த தகராறு, நாட்டின் அரசியல் போக்கையே திருப்பிவிட்டது. அந்தக் கதையை இன்று பள்ளி நடத்துகிறவர்களும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பூட்டிய கதவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான பள்ளிகளின் கதவு பூட்டியே கிடந்தது. சர்க்கார் ஏட்டளவில் தடை செய்யாத இடங்களிலும் ஊர் தடை செய்தது. ஒரு பிள்ளையைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் என்பதே உபாத்தியாயர்களின் பயம்.

கதவு திறக்காதபோது, சிலர் வேறு கதவு செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்கரான கர்னல் ஆல்காட், பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். அவர் 1894-ல் சென்னை அடையாற்றுப் பகுதியில், பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரால் ஒரு கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் வழியே கல்வி பெற்று உயர்ந்த குடும்பங்கள் தென்னார்க்காட்டுச் சீமையில் அநேகம்.

இவை மகத்தான தொண்டுகள். எனினும் இவை தனிப் பள்ளிகள். மற்றவர்கள் சேர்த்துக்கொள்ள மறுத்ததால் பிறந்தவை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து படிப்பது என்ற அடுத்த படியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்தப் படியில் கால் வைத்த பள்ளிகளுள் ஒன்றுதான் சேரன்மாதேவி குருகுலம்.

சேரன்மாதேவியில் நடந்தது என்ன?

அந்தக் குருகுலத்தைக் கட்டி வளர்த்தவர் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்று, அங்கே புரட்சி வீரர்களோடு சேர்ந்தார். பிறகு புதுச்சேரியில் பாரதியாரோடும் அரவிந்தரோடும் பத்தாண்டுக் காலம் வாழ்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு வழி திறந்தார். சிறைவாசமும் அனுபவித்தார். இப்பேர்ப்பட்ட ஒருவர், வெள்ளையர் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி அளிக்கும் ஒரு தமிழ்க் குருகுலத்தை விரும்பினார். 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய அந்த முயற்சி பின்னர் சேரன்மாதேவிக்கு மாறியது.

சர்க்கார் பணம் இல்லாமல், மக்கள் தந்த நன்கொடையில் நடந்த பள்ளி அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி ரூ. 10,000 தருவதாகத் தீர்மானித்து, முதலில் ரூ. 5,000 கொடுத்தது. செட்டிநாட்டுத் தனவந்தர்களும் பிறரும் தாராளமாக உதவினார்கள். பல ஜாதிகளையும் சேர்ந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். வாசல் திறந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் உள்ளே, சாப்பாட்டு வேளையில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே இலை போடப்பட்டது. தங்கள் பிள்ளைகள் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது என்று அவர்களுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள்; ஐயர் அதற்கு இசைந்து வாக்குக் கொடுத்திருந்தார். குடிதண்ணீர்ப் பானையிலும் வேற்றுமை இருந்தது என்ற புகாரும் எழுந்தது. அங்கே படித்த பிள்ளைகளுள் ஒருவன், பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன். அவன் தன் தந்தையிடம் போய்ச் சொன்னதிலிருந்துதான் விஷயம் வெளியே பரவிற்று என்று கூறப்படுகிறது.

டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அப்போது காங்கிரசின் முன்னணித் தலைவராயிருந்த ஈ.வெ. ராமசாமி நாயக்கர், பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு ஸ்தாபனத்தில் இப்படியும் நடக்கலாமா என்று போர்க்கொடி உயர்த்தினார். நன்கொடை கொடுத்தவர்களும் விளக்கம் கேட்கலாயினர். 1925-ல் விவகாரம் காந்தியடிகள் வரை சென்றது. அவர் ஒரு மத்தியஸ்த வழி சொன்னார்: ஏற்கெனவே வாக்குக் கொடுத்துச் சேர்த்த அந்த இருவருக்கு மட்டும் பழைய ஏற்பாடு இருக்கட்டும், இனிமேல் சேர்க்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்த நிபந்தனை கூடாது. எதிர்த்தவர்களுக்கு இது போதவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சியில் கூடி, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த ஸ்தாபனமும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் செய்தது. அதற்கு உடன்படாமல் ராஜாஜி முதலிய சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள்.

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பின் நடந்தது பெரும் சோகம். 1925 ஜூன் மாதம் மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது, நீரில் தவறி விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவரும் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 44. குருகுலம் பழைய நிலைக்கு வரவே இல்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே நாயக்கர் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்தப் பிரிவுக்கு வித்திட்ட காரணங்களுள் இந்தப் பந்தித் தகராறும் ஒன்று.

நல்லவர் கொடுத்த சலுகை

இந்தக் கதையில் ஒரு கொடியவரைத் தேடினால் ஏமாந்து போவோம். நாட்டுக்காக எல்லாவற்றையும் துறந்தவர் ஐயர். தம் சொந்த வாழ்வில் அவர் ஜாதி வேற்றுமை பாராட்டியவர் அல்லர் என்று அவரை நெருங்கி அறிந்தவர்கள் சொன்னார்கள். பின் எப்படி நேர்ந்தது இது?

ஒரு பள்ளியை நடத்துகிறவரின் நிலையில் இருந்து பார்த்தால் விளங்கும். இரண்டு பெற்றோர் வந்து ஒரு வேண்டுகோள் விடுக்கிறார்கள். பள்ளிக்கு ஆள் வேண்டும், ஆதரவும் வேண்டும். கேட்பதோ சிறிய விஷயம். இரண்டே பிள்ளைகள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் நல்லவர்களும் சலுகை கொடுத்துவிடுகிறார்கள்.

நஷ்டம் யாருக்கு என்றால், பொதுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். தனி இலை இருவருக்குப் போடப்படுகிறது. ஆனால் 'உன்னோடு உட்கார்ந்து உண்ண முடியாது' என்ற செய்தி அத்தனை பேருக்கும் பரிமாறப்படுகிறது. அதைப் பள்ளியே பரிமாறுகிறது. காலையில் வகுப்பில் தேசபக்தியும் திருக்குறளும் கற்பித்துவிட்டு நண்பகலில் இதைக் கற்பித்தால், பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்?

ஒரு பள்ளியின் கொள்கை அதன் அறிக்கையில் அச்சிட்டிருப்பது அல்ல. நிர்வாகம் எந்தப் பெற்றோருக்கு எந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறதோ, அதுவே அதன் கொள்கை. சேரன்மாதேவி நமக்குச் சொல்லும் பாடம் இது.

சோறும் சீருடையும்

சுதந்திரம் வந்த பிறகு தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் காமராஜர். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு இழுப்பதே அதன் நோக்கம் என்றாலும், ஒரே அண்டாவில் வடித்த சோற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கமும் அதனோடு வந்தது. கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் சீருடையும் பரவியது. சட்டையைப் பார்த்து ஏழை பணக்காரன் என்று அடையாளம் காணும் வழி அடைபட்டது.

அது அத்தனை சுலபமாக வேரூன்றிவிடவில்லை. 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ண வேண்டியதாயிற்று. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சர்க்கார் தனிப் பந்தி போட இசையவில்லை. கேட்பவர்கள் கேட்டார்கள், பள்ளி விட்டுக்கொடுக்கவில்லை. நூறாண்டில் நாம் வந்திருக்கும் தூரம் அது.

சர்க்கார் பள்ளியில் சோறும் சீருடையும் செய்த வேலையைத் தனியார் பள்ளியில் எது செய்யும்? அங்கே கட்டணம் என்ற வேலி இருக்கிறது. வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தரத்தார். பிள்ளை பதினான்கு ஆண்டு படித்து முடித்தாலும், தன் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகனோடு ஒரு நாள்கூடச் சமமாக உட்கார்ந்து பேசியிருக்க மாட்டான். அந்த வேலியில் ஒரு வழி வெட்டத்தான் 2009-ல் சட்டம் வந்தது.

நான்கில் ஒரு பங்கு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்று நாம் அழைக்கும் அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தங்கள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சர்க்கார் ஒரு பிள்ளைக்குத் தன் பள்ளியில் செலவிடும் தொகை, அல்லது அந்தத் தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு மனுச் செய்யலாம். ஆதரவற்ற பிள்ளைகள், உடல் ஊனமுற்ற பிள்ளைகள், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள், எச்.ஐ.வி. நோயால் பாதிக்கப்பட்டவர்கள், திருநங்கையர் ஆகியோருக்கும் இதில் இடம் உண்டு. ஆக, ஜாதி, மதம், வறுமை, ஊனம் என்று மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் எல்லா வேலிகளையும் ஒருசேரத் தாண்டப் பார்க்கிறது இச்சட்டம்.

தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2012 ஏப்ரல் 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லும் என்றார்கள், ஒருவர் மாறுபட்டார். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் ஐந்து நீதிபதிகள் கூறினார்கள்.

சட்டத்தை ஒட்டி மத்திய சர்க்கார் 2010-ல் வகுத்த விதிகளைப் படித்தால், அவற்றை எழுதியவர்கள் சேரன்மாதேவியை மறக்கவில்லையோ என்று தோன்றும். இப்படிச் சேரும் பிள்ளைகளை வகுப்பில் தனியே பிரித்து உட்கார வைக்கக் கூடாது. வேறு இடத்திலோ, வேறு நேரத்திலோ அவர்களுக்கு வகுப்பு நடத்தக் கூடாது. பாடப் புத்தகம், சீருடை, நூலகம், கணிப்பொறி, விளையாட்டு ஆகிய எதிலும் வேற்றுமை காட்டக் கூடாது. வாசலைத் திறப்பது மட்டும் போதாது என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

விதி இருந்தும், 2012-ல் பெங்களூரில் ஒரு பள்ளியில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளை அடையாளம் காண அவர்கள் தலைமுடியில் ஒரு கற்றையைக் கத்தரித்துவிட்டார்கள் என்ற புகார் பத்திரிகைகளில் வெளிவந்தது. அப்படி அப்பட்டமாக நடப்பது அபூர்வம். கத்தரிக்கோல் இல்லாமலேயே அடையாளம் வைக்கலாம். பெயரைச் சொல்லி அழைப்பதற்குப் பதில் 'ஆர்.டி.ஈ. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்' என்று ஓர் உபாத்தியாயர் வகுப்பில் சொன்னால் போதும். உல்லாசப் பயணத்துக்கும், ஆண்டு விழா உடைக்கும், தனிப் பயிற்சிக்கும் தனித்தனியே பணம் கேட்டு, கொடுக்க முடியாதவனை வீட்டிலேயே இருக்கச் சொன்னால் போதும். பெற்றோர் கூட்டம் முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தி, ஒரு தாயைக் கடைசி நாற்காலியில் வாய் மூடி உட்கார வைத்தால் போதும்.

ஒரு பரிசோதனை சொல்வது

'எல்லாம் சரி, ஏழைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? பழக்க வழக்கம் கெட்டுவிடாதா?' என்று வசதியுள்ள பெற்றோர் கேட்கிறார்கள். பழிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நல்ல வேளையாக, டில்லியில் ஒரு பொருளாதார அறிஞர் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்.

சர்க்காரிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற டில்லித் தனியார் பள்ளிகள், 2007 முதல் நூற்றுக்கு 20 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. சில பள்ளிகள் உடனே சேர்த்தன. சில பள்ளிகள் தாமதித்தன. ஆகவே ஏழைத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகளையும், அப்படிப் படிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கௌதம் ராவ் என்ற ஆராய்ச்சியாளர் அதைச் செய்தார். அவருடைய கட்டுரை 2019-ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

அவர் நடத்திய சோதனைகளுள் ஒன்று தொடர் ஓட்டப் பந்தயம். பணக்காரப் பிள்ளைகள் தங்கள் கட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளை. மறு பக்கம் மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளை. வெற்றிக்குப் பரிசுப் பணமும் உண்டு. தேர்ந்தெடுத்த தோழனோடு பந்தயத்துக்குப் பின் சிறிது நேரம் பழகவும் வேண்டும். பரிசு சிறியதாயிருந்தபோது, பந்தயம் தோற்றாலும் சரி, ஏழைப் பிள்ளையோடு சேர வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏழைத் தோழர்களோடு ஏற்கெனவே ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகளிடம் இந்த ஒதுக்கும் புத்தி குறைந்திருந்தது. தங்களிடம் உள்ளதைப் பகிர்ந்து கொடுக்கும் மனமும் அவர்களிடம் கூடியிருந்தது.

கல்வி? கணக்கிலும் ஹிந்தியிலும் மதிப்பெண்ணில் மாறுதல் ஏதும் தென்படவில்லை. ஆங்கிலத்தில் ஓரளவு குறைந்தது. வகுப்பில் கெட்ட வார்த்தை பேசுவதும் சிறிது கூடியது. ஆராய்ச்சியாளர் இவற்றை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. பெற்றதையும் இழந்ததையும் தராசின் இரு தட்டிலும் வைத்து, தன் பிள்ளை எப்படிப்பட்ட மனிதனாக வளர வேண்டும் என்பதைப் பெற்றோரே எடை போட்டுக்கொள்ளட்டும்.

இந்த ஆராய்ச்சியில் மிகவும் முக்கியமான செய்தி இன்னொன்று. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். அதனால் தற்செயலாகச் சில பணக்காரப் பிள்ளைகளுக்கு ஏழைத் தோழர்கள் குழுவிலேயே கிடைத்தார்கள், சிலருக்குக் கிடைக்கவில்லை. இருவரும் படித்தது ஒரே வகுப்புத்தான். ஆனாலும் ஒரே குழுவில் அருகிருந்து பழகியவர்களிடம் மனமாற்றம் அதிகமாகக் காணப்பட்டது. ஒரே கட்டடத்தில் இருப்பது வேறு, பக்கத்தில் உட்காருவது வேறு என்பதை எண்களே மெய்ப்பித்துவிட்டன.

பெஞ்சியில் இருக்கிறது சூட்சுமம்

மீண்டும் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும், அந்த மாணவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய செய்தி நாட்டையே பதறச் செய்தது. பள்ளியில் அவருக்கு நேர்ந்த தொல்லைகளைப் பற்றிப் புகார் செய்ததே அந்தக் கொடுமைக்குக் காரணம் என்று தெரிய வந்தது. வாசலும் ஒன்று, வகுப்பும் ஒன்று, சீருடையும் ஒன்று. இருந்தும் உள்ளே இருந்த வேலி அறுபடவில்லை.

இதையடுத்துத் தமிழக சர்க்கார் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில் பெரிய யோசனைகளும் உண்டு; பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றும் யோசனைகளும் உண்டு. ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வரக் கூடாது. பள்ளிகளின் பெயரில் ஜாதிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

அகர வரிசை! டில்லியில் தற்செயலாக வேலை செய்த அதே மருந்தை நெல்லைச் சீமையின் நோய்க்கு நீதிபதி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்குக் காசு செலவில்லை, கட்டடம் வேண்டாம், சட்டத் திருத்தமும் வேண்டாம். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் அன்று வகுப்பு உபாத்தியாயர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டால் முடிந்துவிடும்.

நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும்

தனியார் பள்ளிகள் செய்யக்கூடியவை இவ்வாறு பல உண்டு. ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை யார் என்ற விவரம் அலுவலகக் குமாஸ்தாவின் பதிவேட்டோடு நின்றுவிட வேண்டும். வகுப்பறைக்குள் அது வரவே கூடாது. பயணத்துக்கும் விழாவுக்கும் ஆகும் செலவை எல்லோரும் ஏற்கக்கூடிய அளவில் வைக்க வேண்டும். முடியாத பிள்ளைக்குப் பள்ளியே சத்தமில்லாமல் கட்டிவிட வேண்டும். மதிய வேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உண்ணும்போது உபாத்தியாயரும் அந்த வட்டத்தில் அமர வேண்டும். ஒரு வீட்டில் மீன் குழம்பும், ஒரு வீட்டில் தயிர் சாதமும், ஒரு வீட்டில் வெறும் எலுமிச்சம்பழச் சோறும் வரும். அதைக் கண்டு முகம் சுளிக்காமலிருக்கப் பழகுவதே பெரிய படிப்பு. பெற்றோர் கூட்டத்தில் தமிழில் பேச வேண்டும். ஊனமுற்ற பிள்ளைக்காகப் படிக்கட்டை ஒட்டி ஒரு சாய்வுப் பாதை கட்டுவதோடு நில்லாமல், விளையாட்டு வேளையில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும்.

பள்ளிகளின் குறைகளையும் கேட்க வேண்டும். சர்க்கார் தர வேண்டிய பணம் காலதாமதமாக வருகிறது என்பது நிர்வாகிகளின் நெடுநாளைய முறையீடு. 2025-ல் மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் இடையே எழுந்த பணத் தகராறில், தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சேர்க்கை கோடையில் நடைபெறாமல், பள்ளிகள் திறந்து நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. இரண்டு யானைகள் மோதிக்கொண்டால் மிதிபடுவது காலடியில் இருக்கும் புல்தானே? மற்றொரு சங்கடமும் உண்டு. சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளை முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இல்லையேல் பத்தாண்டு பழகிய தோழர்களை விட்டு வெளியேற வேண்டும். நல்ல மனம் படைத்த நிர்வாகிகள் இந்த இடத்தில் கை கொடுக்கலாம். சட்டம் செய்கிறவர்கள் இந்தக் குறையை நீக்கலாம்.

வசதியுள்ள பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 'என் பிள்ளையை வேறு இடத்தில் மாற்றி உட்கார வையுங்கள்' என்று ஆசிரியரிடம் கேட்கப் போகும்போது, சேரன்மாதேவிக்கு வந்த அந்த இரண்டு பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பிள்ளையின் நன்மை என்று எண்ணித்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட தனி இலை ஒரு பள்ளியை அழித்தது. ஒரு பெரியவரின் கடைசி நாட்களைக் கசப்பாக்கியது.

நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை. அப்படி ஒரு வேண்டுகோள் உங்களிடம் வந்தே தீரும். கேட்பவர் பெரிய மனிதராயிருப்பார், நன்கொடையும் கொடுத்திருப்பார். கேட்பதும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அவரை மரியாதையாக உட்கார வைத்து, காப்பி கொடுத்து, 'எங்கள் பள்ளியில் அந்த வழக்கம் இல்லை, ஐயா' என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு பதிலைச் சொல்ல முடிந்த பள்ளியில், பிள்ளைகள் மற்றதைத் தாங்களே கற்றுக்கொள்வார்கள்.